ஒட்டாமல் போன செல்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒருவரின் ஆய்வு வாழ்க்கையை. அவர் பெயர் மசடோஷி டகெயிச்சி. ஜப்பானியர். 1943இல் பிறந்தவர். நம் உடம்பில் ஒரு செல் இன்னொரு செல்லோடு எப்படி ஒட்டி நிற்கிறது? இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவர். நோபல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதனால் நம்மில் பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் உலகத்தில் எந்த உயிரியல் ஆய்வகத்துக்குப் போய் ‘கேடெரின்’ என்று சொன்னாலும் அங்கிருப்பவர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். கேடெரின் என்ற புரதத்தைக் கண்டறிந்து அதற்குப் பெயர் சூட்டியவர் அவர்தான்.

எத்தனையோ விஞ்ஞானிகள் இருக்க, இவரை ஏன் எடுத்தேன்? இவருடைய முதல் பெரிய கண்டுபிடிப்பு, நடக்காமல் போன ஒரு சோதனையிலிருந்து பிறந்தது. உடனே நீங்கள், தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று இவர் ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அதைப் பட்டமளிப்பு விழாக்களில் போதுமான அளவு கேட்டுவிட்டோம். நான் கேட்பது வேறு. ஓர் ஊரில் நடந்த சோதனை இன்னோர் ஊரில் நடக்கவில்லை. விஞ்ஞானி என்ன செய்ய வேண்டும்? பழைய ஊரின் முடிவை மட்டும் எழுதிவிட்டுப் புது ஊரின் முடிவை மறைத்துவிடலாமா? கை தவறிவிட்டது என்று சொல்லி மறந்துவிடலாமா? அல்லது அந்த வித்தியாசத்தின் முன்னால் உட்கார்ந்து, ‘ஏன்?’ என்று கேட்க வேண்டுமா? டகெயிச்சி உட்கார்ந்து கேட்டார். அந்த ‘ஏன்’தான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சின்ன ஆச்சரியம். உங்கள் உடம்பில் ஏறத்தாழ முப்பது லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. அவற்றில் பல தனி உயிர் போல மூச்சுவிடுகின்றன, உண்கின்றன, பிரிகின்றன. இத்தனை செல்களும் ஏன் உதிர்ந்து விழவில்லை? தோல் ஏன் தோலாகவே நிற்கிறது? குடலின் செல் ஏன் குடலிலேயே இருக்கிறது? ஈரல் செல் ஏன் எழுந்து மூளைக்குப் போகவில்லை? சிரிக்கிறீர்கள். ஆனால் இது சிரிப்புக்குரிய கேள்வி இல்லை. புற்றுச் செல் ஒன்று இப்படி ஈரலுக்கோ மூளைக்கோ எழுந்து போவதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் புற்றுநோய்ப் பரவல்.

இந்தக் கேள்வி டகெயிச்சி பிறப்பதற்கு முன்பே இருந்தது. 1900இல் கர்ட் ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் கடல் முள்ளெலியின் இளங்கருவை எடுத்து, கால்சியம் இல்லாத கடல்நீரில் போட்டார். கரு, தனித்தனி செல்களாகப் பிரிந்துவிட்டது. கால்சியத்தைத் திரும்பச் சேர்த்தார். செல்கள் மறுபடியும் சேர்ந்தன. 1907இல் அமெரிக்காவில் எச்.வி. வில்சன் உயிருள்ள கடற்பஞ்சைப் பட்டுத் துணி வழியாகப் பிழிந்து, செல் செல்லாக உதிர்த்தார். உதிர்ந்தவை தட்டின் அடியில் ஊர்ந்து, ஒன்றையொன்று தேடிப் பிடித்து, மீண்டும் கடற்பஞ்சாகவே சேர்ந்தன. 1955இல் டவுன்ஸும் ஹோல்ட்ஃப்ரெட்டரும் நீர்நில வாழ்வியின் கருவைப் பிரித்து, தோலாகப் போகும் செல்லையும் நரம்பாகப் போகும் செல்லையும் கலந்து வைத்தார்கள். செல்கள் ஒன்றாகக் கூடிய பிறகு தாமே பிரிந்து, தோல் வெளியேயும் நரம்பு உள்ளேயுமாக அடுக்கிக்கொண்டன.

யார் சொன்னார்கள் அவற்றுக்கு? எதை வைத்து இன்னது தன் இனம் என்று அடையாளம் கண்டன? கால்சியம் அங்கே என்ன வேலை செய்தது? எழுபது ஆண்டு காலம் விடை இல்லை. நிகழ்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது. நிகழ்த்திய மூலக்கூறு தெரியவில்லை.

இப்போது கியோட்டோவுக்கு வாருங்கள். 1970களின் தொடக்கம். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் டோகின்டோ ஒகாடா என்ற கருவியல் பேராசிரியரின் ஆய்வகம். அங்கே டகெயிச்சி, செல்கள் கண்ணாடித் தட்டில் ஒட்டுவதற்குக் கால்சியமும் மக்னீசியமும் எப்படி உதவுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். செல்லோடு செல் ஒட்டுவதைச் சோதிக்க, முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும். அதற்கு ட்ரிப்சின் என்ற நொதி. நம் கணையத்தில் சுரந்து, குடலில் புரதத்தை வெட்டுகிற அதே நொதிதான். ட்ரிப்சின் ஊற்றினால் செல்கள் உதிரும். பிறகு குடுவையை மெல்லச் சுழற்றினால், உதிர்ந்தவை சட்டென்று திரண்டு கொத்தாகச் சேரும். கியோட்டோவில் இது அன்றாட நடப்பு.

1974இல் அவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறைக்குப் போனார். ரிச்சர்ட் பகானோவின் ஆய்வகம். அதே கை, அதே முறை. செல்களைப் பிரித்தார். குடுவையைச் சுழற்றினார். செல்கள் சேரவில்லை. திரும்பச் செய்தார். சேரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். வெளிநாட்டுக்குப் போன ஓர் இளம் ஆய்வாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊர் புதிது, மொழி புதிது, கையில் இருப்பது சில ஆண்டுக்கால வாய்ப்பு. அங்கே போய், சொந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு செய்த சோதனை நடக்கவில்லை. வேறொருவராக இருந்தால் தலைப்பை மாற்றிக்கொண்டு போயிருப்பார். அதில் குற்றமும் இல்லை. டகெயிச்சி தலைப்பை மாற்றவில்லை. கியோட்டோவில் என்ன இருந்தது, பால்டிமோரில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஊடகம், வெப்பநிலை, கரைசல். கடைசியில் வித்தியாசம் தெரிந்தது. பால்டிமோர் ஆய்வகத்தின் ட்ரிப்சின் கரைசலில் ஈ.டி.டி.ஏ. கலந்திருந்தது. கியோட்டோ கரைசலில் அது இல்லை.

ஈ.டி.டி.ஏ. என்றால் என்ன? ரத்தப் பரிசோதனைக்குப் போனால், ஊதா மூடி போட்ட ஒரு சின்னக் குழாயில் ரத்தம் எடுப்பார்களே, அதற்குள்ளே பூசியிருப்பது அதுதான். அது கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. அதனால் குழாயில் உங்கள் ரத்தம் திரவமாகவே இருக்கிறது. பால்டிமோரின் கரைசலிலும் அது இதே வேலையைத்தான் செய்தது. சுற்றியிருந்த கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது.

வேறு ஒருவராக இருந்தால் இத்தோடு கதை முடிந்திருக்கும். காரணம் தெரிந்துவிட்டது, ஈ.டி.டி.ஏ. இல்லாத கரைசலைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்போம் என்று போயிருப்பார். டகெயிச்சி அங்கே இன்னொரு ‘ஏன்’ கேட்டார். ட்ரிப்சினைக் கழுவி, கால்சியத்தைத் திரும்பக் கொடுத்த பிறகும் இந்தச் செல்கள் ஏன் சேரவில்லை? கால்சியம் இல்லாத நேரத்தில் ட்ரிப்சின் எதையோ வெட்டியிருக்க வேண்டும். கால்சியம் இருக்கும்போது அந்த ‘எதையோ’ ட்ரிப்சினால் வெட்ட முடியவில்லை என்றுதானே பொருள்? அப்படியானால் செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. கால்சியம் உடனிருக்கும்வரை அது விறைப்பாக நிற்கிறது, கத்தி படாது. கால்சியம் போனால் குழைந்துவிடுகிறது, கத்தி பட்டுவிடுகிறது. செல்லும் செல்லும் கைகோத்து நிற்பதாக வைத்துக்கொண்டால், அந்தக் கை இதுதான்.

அன்று அந்தக் கையை யாரும் பார்த்ததில்லை. அது கண்ணில் படாமலே, அதன் நடத்தையை வைத்து அது இருக்கிறது என்று முடிவுகட்டினார். செல்கள் ஒட்டுவதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று கால்சியம் இல்லாமலும் நடக்கும். இன்னொன்று கால்சியம் இருந்தால்தான் நடக்கும். அந்த இரண்டாவதைக் கால்சியமே ட்ரிப்சினிடமிருந்து காக்கிறது. இந்தக் கட்டுரை 1977இல் வெளிவந்தது. எனக்கு அவருடைய எல்லாக் கட்டுரைகளிலும் இதுவே பெரியது. பின்னால் வந்த எல்லாப் பெருமையும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

கியோட்டோவுக்குத் திரும்பினார். இனி அந்தப் புரதத்தைக் கையில் பிடிக்க வேண்டும். எப்படிப் பிடிப்பது? எலியின் கருப்புற்றுச் செல்களை எடுத்து, அவற்றுக்கு எதிராக நோயெதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கினார்கள். அவற்றில் எது செல்களின் பிடியை விடுவிக்கிறதோ, அது தேடும் புரதத்தில்தான் போய் உட்காருகிறது என்று பொருள். தேடினார்கள். மாதக் கணக்கில் இல்லை, ஆண்டுக் கணக்கில் தேடினார்கள். 1982இல் புரதம் அடையாளம் காணப்பட்டது. 1984இல் அதற்குக் கேடெரின் என்று பெயர் வைத்தார்கள்.

அதே காலத்தில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ழாக்கோப்பின் குழுவினர், ரோல்ஃப் கெம்லர் உட்பட, எலியின் இளங்கருவில் இதே புரதத்தை வேறு பாதையில் எட்டியிருந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் யூவோமொருலின். நியூயார்க்கில் ஜெரால்ட் எடல்மேனின் குழு கோழியில் கண்டு, வேறொரு பெயர் வைத்திருந்தது. மூன்று கண்டங்கள், மூன்று பெயர்கள், ஒரே புரதம். இதை யார் முதலில் என்ற பந்தயமாகச் சொல்வது பத்திரிகை வழக்கம். எனக்கு அதில் ஆர்வமில்லை. மூன்று பக்கத்திலிருந்து மூன்று பேர் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள் என்றால், அந்த இடம் உண்மையில் இருக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு வருகிறது. 2020இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருதை டகெயிச்சிக்கும் கெம்லருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். பொருத்தமாகச் செய்தார்கள்.

புரதம் கிடைத்துவிட்டது. ஆனால் அதுதான் செல்களை ஒட்டவைக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? பக்கத்தில் நின்றவர் எல்லாம் குற்றவாளி ஆகிவிட முடியுமா? சாட்சி வேண்டும். 1987இல் அந்தச் சாட்சி வந்தது.

எல் செல்கள் என்று ஓர் எலிச் செல் வகை உண்டு. அவற்றில் கேடெரின் கிடையாது. தட்டில் வளர்த்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் திரியும். பக்கத்துச் செல்லைக் கண்டாலும் கண்டுகொள்ளாது. அகிரா நாகாஃபூச்சியும் டகெயிச்சியும் மற்றவர்களும் கேடெரினுக்கான மரபணுவை அந்த எல் செல்களுக்குள் செலுத்தினார்கள். ஒரே ஒரு மரபணு. என்ன ஆயிற்று? திரிந்த செல்கள் திரிவதை விட்டன. ஒன்றையொன்று நெருங்கின. இடைவெளியே இல்லாமல் அணிவகுத்து, தோல் செல்களைப் போலப் பரப்பாக நின்றன. கால்சியத்தை எடுத்தால் பிரிந்தன. கொடுத்தால் சேர்ந்தன. 1900இல் ஹெர்ப்ஸ்ட் கடல் முள்ளெலியில் பார்த்தது, 1987இல் ஒரு மரபணுவின் வேலையாக விளக்கம் பெற்றது.

அடுத்த ஆண்டு, 1988இல், இன்னும் ஒரு படி. கேடெரின் ஒன்று அல்ல, பல வகை உண்டு என்று அதற்குள் தெரிந்துவிட்டது. தோல், குடல் போன்ற பரப்புச் செல்களில் இருப்பது ஈ-கேடெரின். நரம்பில் இருப்பது என்-கேடெரின். நஞ்சுக்கொடியில் முதலில் பார்த்தது பி-கேடெரின். அகினாவோ நோசேயும் நாகாஃபூச்சியும் டகெயிச்சியும், எல் செல்களில் ஒரு பகுதிக்கு ஈ வகையையும், இன்னொரு பகுதிக்கு பி வகையையும் கொடுத்துவிட்டு, இரண்டையும் ஒன்றாகக் கலந்தார்கள். செல்கள் தாமே பிரிந்தன. ஈ, ஈயோடு சேர்ந்தது. பி, பியோடு சேர்ந்தது. வில்சனின் கடற்பஞ்சு செய்த வித்தை, ஹோல்ட்ஃப்ரெட்டரின் கருச் செல்கள் செய்த வித்தை, ஒரு மரபணுவை மாற்றினால் ஒரு தட்டில் நடக்கிறது!

இது தட்டில் மட்டும்தானா? கருவிலும் நடக்கிறது. முதுகெலும்புள்ள எந்த உயிரின் கருவிலும் ஒரு கட்டத்தில், முதுகுப் பக்கத்துத் தோல் பரப்பில் ஒரு பகுதி உள்நோக்கி மடங்கி, குழாயாகி, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளம் ஆகிறது. மனிதக் கருவில் இது நான்காவது வாரத்திலேயே முடிந்துவிடும். பல தாய்மார்களுக்குக் கரு தங்கியது தெரியவரும் நேரம் அது. கோஹெய் ஹட்டாவும் டகெயிச்சியும் கோழிக் கருவில் பார்த்ததை 1986இல் எழுதினார்கள். மடங்கப் போகும் செல்கள் பழைய வகைக் கேடெரினைக் கைவிட்டு, என்-கேடெரினை எடுத்துக்கொள்கின்றன. கை மாறுகிறது. கை மாறியதால் உறவு மாறுகிறது. நேற்றுவரை தோலோடு நின்ற செல், இன்று தோலை விட்டு விலகித் தன்னைப் போன்றவற்றோடு சேர்ந்து குழாயாகிறது. நம் மூளையின் வரலாறு இந்தக் கைமாற்றத்தில் தொடங்குகிறது.

கால்சியம் அங்கே என்ன செய்கிறது என்பதும் பின்னாளில் அணு அளவில் தெரிந்தது. செல்லுக்கு வெளியே நீண்டிருக்கும் கேடெரினில் ஐந்து கணுக்கள். ஒவ்வோர் இணைப்பிலும் மூன்று கால்சியம் அயனிகள். அவை இருக்கும்வரை புரதம் வளைந்த விறைப்பான கோலாக நிற்கிறது. அவை போனால் தளர்ந்து தொங்குகிறது. ட்ரிப்சினுக்கு அப்போதுதான் வெட்ட இடம் கிடைக்கிறது. 1977இல் டகெயிச்சி எதையும் பார்க்காமலே சொன்னது இதைத்தான்.

கேடெரின் குடும்பத்தில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் ஒட்டும் வேலையை மட்டும் செய்வதில்லை. இப்போது என் குரல் உங்கள் காதில் விழுகிறதே, அதற்குக் காரணமும் இந்தக் குடும்பம்தான். உட்செவியின் மயிர்ச் செல்களின் உச்சியில், ஒரு நுண்மயிரை அடுத்ததோடு இணைக்கும் மெல்லிய இழை ஒன்று உண்டு. ஒலி வந்து மோதும்போது அந்த இழை இழுபடுகிறது, வாயில் திறக்கிறது, நரம்புக்குச் செய்தி போகிறது. அந்த இழை இரண்டு கேடெரின் உறவினர்களால் ஆனது: கேடெரின்-23, புரோட்டோகேடெரின்-15. இவற்றின் மரபணு கெட்டால், அஷர் நோய்க்குறி என்னும் நிலையில் குழந்தை பிறவியிலேயே செவித்திறன் இழக்கிறது. பின்னால் பார்வையும் குறைகிறது.

இதுவரை ஒட்டுதலைச் சொன்னேன். இனி சமிக்ஞை. கைகோத்து நிற்பவன், கையை மட்டுமா நீட்டுகிறான்? பிடித்த கையின் இறுக்கம் தோளுக்குத் தெரிய வேண்டாமா? உடம்புக்குத் தெரிய வேண்டாமா? கேடெரினின் ஒரு முனை செல்லுக்கு வெளியே. இன்னொரு முனை செல்லுக்கு உள்ளே. உள்ளே இருக்கும் முனையைப் பற்றிக்கொண்டு நிற்கும் புரதங்களை 1989இல் கெம்லரின் குழு கண்டது. அவற்றுக்குக் கேட்டினின்கள் என்று பெயர். ஆல்ஃபா, பீட்டா என்று வரிசை.

இங்கே ஒரு பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. 1991இல் பீட்டா கேட்டினினின் அமைப்பைப் படித்தபோது, அது பழ ஈயில் முன்பே தெரிந்திருந்த ஆர்மடில்லோ என்ற புரதத்தின் நெருங்கிய உறவு என்று தெரியவந்தது. ஆர்மடில்லோ என்ன செய்யும்? கருவில் எந்தப் பகுதி எதுவாக ஆக வேண்டும் என்ற கட்டளையைக் கடத்தும். அதாவது, செல்லின் விளிம்பில் நின்று பக்கத்துச் செல்லோடு சேர்ந்திருக்க உதவுகிற அதே புரதம், செல்லின் உட்கருவுக்குள் போய் எந்த மரபணு விழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வாசலிலும் அதுவே. நடுவீட்டிலும் அதுவே. ஒட்டுதல் ஒரு துறை, சமிக்ஞை ஒரு துறை என்று பாடத்திட்டம் போட்டவர்களுக்கு இந்த ஒரு புரதம் பெரிய தலைவலி.

இது நோயில் எப்படித் தெரிகிறது? சாதாரண நேரத்தில் செல்லுக்குள் திரியும் பீட்டா கேட்டினினை ஓர் அழிப்புக் குழு உடனுக்குடன் சிதைத்துவிடும். அந்தக் குழுவில் முக்கியமானது ஏ.பி.சி. என்ற புரதம். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவற்றில் அந்த ஏ.பி.சி. மரபணு கெட்டிருக்கிறது. சிதைப்பார் இல்லை. பீட்டா கேட்டினின் குவிகிறது. உட்கருவுக்குள் போய், ‘பிரி, பிரி’ என்று ஓயாமல் சொல்கிறது. செல் பிரிந்துகொண்டே போகிறது.

ஆல்ஃபா கேட்டினினுக்கு வேறு கதை. அது டகெயிச்சியின் குழு நேரடியாகச் சொன்ன கதை. பி.சி.9 என்று ஒரு மனித நுரையீரல் புற்றுச் செல். அதில் ஈ-கேடெரின் நிறைய இருக்கிறது. இருந்தும் செல்கள் ஒட்டவில்லை. கை இருக்கிறது, பிடி இல்லை. பழைய பழக்கம் விடுமா? மறுபடியும் ‘ஏன்?’ பார்த்தால், அந்தச் செல்லில் ஆல்ஃபா கேட்டினின் இல்லை. 1992இல் அதைச் செலுத்தினார்கள். உதிர்ந்து கிடந்த புற்றுச் செல்கள் திரண்டு ஒட்டின. கேடெரினை உள்ளே இருக்கும் ஆக்டின் இழைகளோடு கட்டுவது ஆல்ஃபா கேட்டினின். அந்தக் கட்டு இல்லாமல் வெளியே எத்தனை கை நீட்டினாலும் பயனில்லை. 2010இல் கோபேயில் ஷிகெனோபு யோனெமுராவின் குழு இன்னும் ஒன்றைக் காட்டியது. செல்லை இழுக்கும்போது அந்த இழுவை ஆல்ஃபா கேட்டினினின் மடிப்பை விரிக்கிறது. விரிந்த இடத்தில் வின்குலின் என்ற புரதம் வந்து சேர்ந்து பிணைப்பை வலுவாக்குகிறது. இழுக்க இழுக்க இறுகுகிறது! இழுவையே செய்தியாகிவிடுகிறது.

இவையெல்லாம் மனித வாழ்வில் எங்கே வந்து நிற்கின்றன? நியூசிலாந்துக்குப் போவோம். அங்கே ஒரு மாவோரிக் குடும்பம். முப்பது ஆண்டுகளில் இருபத்தைந்து பேருக்கு மேல் இரைப்பைப் புற்றுநோயில் இழந்த குடும்பம். இளைஞர்களும் அதில் உண்டு. அந்தக் குடும்பத்தினரே ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் போனார்கள். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பேரி கில்ஃபோர்டும் அவருடைய குழுவும் குடும்பத்தோடு சேர்ந்து வேலை செய்து, 1998இல் காரணத்தைச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக வந்தது ஈ-கேடெரின் மரபணுவின் பிழை. கைவிட்ட செல்கள் இரைப்பைச் சுவருக்குள் ஒவ்வொன்றாகப் பரவுகின்றன. கட்டியாகத் திரளாததால் உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தாலும் எளிதில் தெரிவதில்லை. இன்று அந்தப் பிழை யாருக்கு வந்திருக்கிறது என்று ரத்தத்தைச் சோதித்துச் சொல்லலாம். நோய் வருமுன்னே இரைப்பையை அகற்றிக்கொள்ள முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். எளிய முடிவா அது? உடம்பில் நோய் இல்லாதபோது இரைப்பையைக் கொடுப்பது எளிதா? ஆனால் தாயையும் அக்காவையும் சித்தப்பாவையும் வரிசையாகப் புதைத்த ஒருவருக்கு, முடிவெடுக்க ஒரு தகவலாவது கையில் இருக்கிறது. கியோட்டோவுக்கும் பால்டிமோருக்கும் இடையே வந்த வித்தியாசத்துக்கு அங்கே ஒரு தொடர்ச்சி உண்டு.

நம் ஊர் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவிலும் கேடெரின் குடும்பத்தின் நோய் ஒன்றைக் காணலாம். பெம்பிகஸ். உடம்பெல்லாம் கொப்புளம் வெடித்து, வாயெல்லாம் புண்ணாகி, பாயில் படுக்கவும் முடியாமல் வருவார்கள். இதில் மரபணுப் பிழை இல்லை. நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புப் பொருள்களே தோல் செல்களின் டெஸ்மோகிளீன் என்ற புரதத்தைத் தாக்குகின்றன. 1991இல் மசயூகி அமகாயும் ஜான் ஸ்டான்லியும் அந்தப் புரதத்தைப் படித்துப் பார்த்தபோது, அதுவும் கேடெரின் வகைதான். ஒரு வகையில் இது டகெயிச்சி ஆய்வகத்தில் செய்த அதே சோதனை. நோயெதிர்ப்புப் பொருளை ஊற்றினால் பிடி விடும். அங்கே குடுவையில் நடந்தது இங்கே மனிதத் தோலில் நடக்கிறது.

டகெயிச்சியின் வாழ்க்கைக்குத் திரும்புகிறேன். 1995இல் கோபே நகரம் நிலநடுக்கத்தில் நொறுங்கியது. நகரை மீட்டெடுக்கும் திட்டத்தின் ஒரு பகுதியாக, துறைமுகத் தீவில் மருத்துவ ஆய்வு மையங்கள் எழுந்தன. அவற்றில் ஒன்று ரிக்கென் நிறுவனத்தின் வளர்ச்சி உயிரியல் மையம். 2000இல் தொடங்கிய அதன் முதல் இயக்குநர் டகெயிச்சி. இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆய்வை விட்டுவிடுகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம், பெயர் சொல்லவா வேண்டும்? இவர் விடவில்லை. 2008இல், அறுபத்தைந்து வயதை ஒட்டிய நேரத்தில், கேடெரின் பிணைப்புகளோடு நுண்குழல்களின் முனைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று முற்றிலும் புதிய பாதையைத் திறந்தது அவர் குழு. 2005இல் ஜப்பான் பரிசு, எர்க்கி ருவோஸ்லாஹ்ட்டியோடு சேர்த்து.

2014ஐச் சொல்லாமல் இந்த உரையை முடித்துக்கொள்ளலாம். முடித்தால் நேர்மையாகாது. அந்த ஆண்டு ஜனவரியில், அவர் தலைமையேற்ற மையத்திலிருந்து, சாதாரணச் செல்லைச் சற்றே புளிப்பான கரைசலில் நனைத்தால் குருத்துச் செல்லாக மாறும் என்று இரண்டு கட்டுரைகள் வந்தன. உலகமே பேசியது. பல ஆய்வகங்கள் செய்து பார்த்தன. நடக்கவில்லை. படங்களில் குளறுபடி இருப்பது தெரிந்தது. ஜூலையில் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆகஸ்டில், கட்டுரையில் பங்கேற்ற யோஷிகி சசாய் என்ற ஒப்பற்ற உயிரியல் அறிஞரை மையம் இழந்தது. ஆண்டிறுதிக்குள் ரிக்கெனே மறுபடி சோதித்து, அது நடக்கவில்லை என்று சொல்லிவிட்டது. மையம் பாதியாகச் சுருங்கியது. டகெயிச்சி இயக்குநர் பொறுப்பிலிருந்து இறங்கினார்.

இதில் அவர் பங்கு என்ன? அந்தக் கட்டுரைகளில் அவர் ஆசிரியர் அல்லர். ஆனால் வீட்டுக்குத் தலைவர். தலைவரின் மேற்பார்வை போதவில்லை என்று கேட்கப்பட்ட கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். வேறோர் ஊரில் நடக்காத சோதனையின் முன்னால் உட்கார்ந்து ‘ஏன்?’ கேட்டு வாழ்க்கையை அமைத்துக்கொண்ட மனிதர். அவருடைய கூரையின் கீழேயே, அந்தக் கேள்வியை யாரும் உரிய நேரத்தில் உரக்கக் கேட்காமல் ஒரு முடிவு உலகத்துக்குப் போய்விட்டது. பால்டிமோரில் கேள்வி கேட்பது எளிது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே அவருடைய கையில் குடுவை இருந்தது. 2014இல் குடுவை மற்றவர் கையில் இருந்தது; அவர் கையில் நிர்வாகம் இருந்தது. இரண்டும் வேறு வேறு பொறுப்புகள். நம் பல்கலைக்கழகங்களில் நல்ல ஆய்வாளர்களைப் பிடித்து நிர்வாக நாற்காலியில் உட்காரவைக்கும் அன்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதே ஆண்டு, செப்டம்பர் மாதம், அதே மையத்தைச் சேர்ந்த மசயோ டகஹாஷியின் குழு நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்து வளர்த்த விழித்திரைப் படலத்தை அவருடைய கண்ணில் பொருத்தியது. அத்தகைய சிகிச்சையில் உலகிலேயே முதல். அழுகையும் சாதனையும் ஒரே மையத்தில், ஒரே ஆண்டில்.

இயக்குநர் பதவி போன பிறகு டகெயிச்சி எங்கே போனார்? ஆய்வகத்துக்குப் போனார். எழுபது வயதைக் கடந்தும் தன் சிறு குழுவோடு செல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. கேடெரினில் இத்தனை வகை எதற்கு? மூளையில் எந்த நரம்புச் செல் எதோடு இணைவது என்பதைப் புரோட்டோகேடெரின்கள் எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன? புற்றுநோயில் ஈ-கேடெரினைக் கைவிட்டு ஓடிய செல், புது இடத்தில் குடியேறியதும் சில நேரம் அதை மறுபடி எடுத்துக்கொள்கிறதே, அங்கே யார் கட்டளையிடுகிறார்கள்?

இந்தக் கேள்விகளைப் பின்வரிசை மாணவர்களில் யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சி. அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி நேரத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருப்பதாகச் சொன்னார்கள். மைக் கீழே வரும், எழுந்து நின்று கேளுங்கள்.